ஒரே டப்பா பிரைமர், ஒரு பானட் மட்டும் கெட்டது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பிப்ரவரியில் ஒரு நாள் காலை பானட்டின் மேல் நகத்தை வைத்து அழுத்தினேன். காரணம் ஒன்றும் இல்லை. காபி ஆறும்வரை கை சும்மா இருக்கவில்லை. நகம் உள்ளே இறங்கியது.

பிரைமர் என்பது கலருக்கு முன்னால் தகரத்தின் மேல் அடிக்கும் அடிப்பூச்சு. மூன்று மாதம் காய்ந்த எபாக்ஸி வகைப் பிரைமரில் நகம் இறங்கக் கூடாது. சாவியால் கீறினால்கூட வெள்ளையாக ஒரு கோடு விழும், அவ்வளவுதான். இங்கே பழைய எட்டணா அகலத்துக்குப் பிரைமர் தோல் போல வழுக்கி நகர்ந்தது. அடியில் தகரம் ஈரமாக மின்னியது. கீழே குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், சக்கர வளைவு ஓரமெங்கும் கடுகு கடுகாகக் கொப்புளம். சில இடங்களில் மிளகளவு.

பக்கத்தில் ஸ்டாண்டில் நின்ற இரண்டு கதவுகளையும் அழுத்திப் பார்த்தேன். கல் போல இருந்தன. பின்பாதி பாடியும் அப்படியே. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து, ஒரே கன்னில், ஒரே கை அடித்த பிரைமர். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம் என்று எழுந்த வேகம் அந்தக் கதவுகளைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வண்டி

1966-ல் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. இதன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் வந்தபோது, மற்ற கம்பெனிகள் சேஸியும் பாடியும் ஒன்றான மோனோகாக் அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-லேயே போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆள் கிடைக்காமல், தனிச் சேஸியும் அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டும் பாடியுமாக வண்டியை அமைத்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து செய்ததும் அதே அமைப்புதான். அன்றைக்கு அவர்களுக்கு வந்த நெருக்கடி இன்றைக்கு நமக்கு வசதி. ஸ்பானர் செட் இருந்தால் கூரை, பின்பாதி, கதவு, முன்பக்கம் என்று தனித்தனியாகக் கழற்றி அடுக்கிவிடலாம்.

ஹெரால்டில் பானட் என்றால் வெறும் மூடி இல்லை. நடுப்பலகை, இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் குழி எல்லாம் சேர்ந்த ஒரே உருப்படி. பூட்டைத் தட்டிவிட்டால் மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாயும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் கை வைக்கலாம். பல தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஸ்பாட் வெல்டு வைத்துச் சேர்த்த உருப்படி இது. அந்தத் தையல்கள் பின்னால் வரும்.

இந்த வண்டி 20 வருஷத்துக்கு மேல் நின்றது திருவான்மியூர் பக்கம், கடலுக்கு நடை தூரத்தில் ஒரு தகரக் கொட்டகையில். எங்கள் ஷெட்டும் அங்கிருந்து அதிக தூரமில்லை. இடம் இப்படி என்பதால் உப்புக்காற்றின் மேல் சந்தேகம் முதலில் விழுவது இயல்பு. எனக்கும் விழுந்தது.

பெயிண்டை எடுத்தது

பழைய பெயிண்டை எடுக்க மூன்று வழி: பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் துகள்களை வீசி அடிப்பது), பெயிண்ட் ரிமூவர், தேய்ப்பு. எல்லாவற்றையும் பிளாஸ்டிங்குக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். சேஸி, பின்பாதி, கதவுகளின் உட்பக்கம், டிக்கி மூடி ஆகியவற்றை ஒரே லோடாக ஏற்றி அனுப்பினோம். பிளாஸ்டிங் செய்தவர் டேங்கும் கம்பிக் கேட்டும் செய்து பழகியவர். சேஸியும் பாடியும் அருமையாக வந்தன. டிக்கி மூடி அப்பளமாகத் திரும்பி வந்தது.

சூட்டில் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். சூடு அதில் சின்னப் பங்குதான். பறந்து வரும் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிச் சுத்தியல். 0.9 மி.மீ. தகரத்தின் ஒரு முகத்தை லட்சக்கணக்கான சுத்தியல்கள் அடித்தால் அந்த முகம் மட்டும் விரியும், மறுமுகம் விரியாது, தகரம் உப்பும். மடிப்பும் வளைவும் உள்ள இடம் தாங்கிக்கொள்ளும். தட்டையான இடம் தாங்காது. ஒடுக்கு எடுக்கும் டிங்கர் பாய் இரண்டு நாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு நான் மாரடிக்கிறதுக்குப் பதிலா புதுப்பேட்டைல ஒரு ரவுண்டு வாங்க" என்றார். பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த அந்தப் புதுப்பேட்டையில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மூடி கிடைத்தது. அதன் கதை தனி.

கதவுகளின் வெளித்தோலை டி.ஏ. சாண்டர் என்ற தேய்ப்பு மெஷினில் 80-ஆம் நம்பர் தாள் போட்டுத் தேய்த்தே எடுத்தோம். பானட்டில் வளைவுகள் அதிகம், சாண்டர் எல்லா இடத்திலும் உட்காராது. டிக்கி மூடியைப் பார்த்த பயமும் இருந்தது. அதனால் பானட்டுக்கு மட்டும் பெயிண்ட் ரிமூவர்.

ரிமூவர் வேலையை நேரில் பார்க்க ஒரு அழகு உண்டு. கெட்டியான களிம்பை பிரஷால் ஒரே திசையில் பூச வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. மேலே பாலிதீன் ஷீட்டை ஒட்டிப் போட்டு இருபது நிமிஷம் காத்திருந்தால் உள்ளே பெயிண்ட் முறுக்கு பிழிந்தது போலச் சுருண்டு எழும். எங்கள் பானட்டில் மேலே அரக்குச் சிவப்பு, அடுத்தது வெள்ளை, அதற்கும் கீழே இன்னொரு வெள்ளை, அப்புறம் வெளிர்நீலம், கடைசியில் செம்பழுப்பு பிரைமர். இடது மட்கார்டில் நீலத்துக்கு மேல் விரல் கனத்துக்குப் பட்டி. எப்போதோ எதிலோ மோதியதை ஒடுக்கு எடுக்காமல் அப்படியே நிரப்பிவிட்டார்கள். காந்தம் அந்த இடத்தில் ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

பாலிதீன் ஏன் என்றால், இந்த வகை ரிமூவரின் உயிர் மெத்திலீன் குளோரைடு. அது சுமார் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னை வெயிலில் டப்பாவைத் திறந்தாலே மூச்சு விடுவது போலச் சத்தம் வரும். அது சீக்கிரம் பறந்துவிடாமல் இருக்க டப்பாவுக்குள்ளேயே மெழுகு கலந்திருப்பார்கள், மேலே ஒரு படலமாகப் படியும்படி. அந்த மெழுகும் இந்தக் கதையில் ஒரு ஆள். ஆவியைப் பற்றி ஒரு வார்த்தை: துணி மாஸ்க்கும் பேப்பர் மாஸ்க்கும் இதற்கு எதுவும் செய்யாது. உள்ளே போன மெத்திலீன் குளோரைடு உடம்பில் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் வேலை செய்து இறந்தவர்கள் உண்டு. பொதுமக்களுக்குக் கடையில் விற்பதை அமெரிக்கா 2019-ல் நிறுத்தியது, ஐரோப்பா அதற்கும் முன்பே நிறுத்தியது. நாங்கள் மூன்று பக்கமும் திறந்த ஷெட்டில், பெடஸ்டல் ஃபேன் ஓட விட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்தோம். அப்படியும் மாலையில் தலை கனத்தது. இன்னொரு முறை என்றால் தேய்ப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பெயிண்ட் போனதும் தகரம் தெரிந்தது. பெரும்பாலும் நல்ல தகரம். சக்கர வளைவு ஓரம், ஹெட்லைட் குழியைச் சுற்றி, பின்விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் துரு குழி குழியாகத் தின்றிருந்தது. ஓட்டை இல்லை, அம்மைத் தழும்பு மாதிரி. பெயிண்டர் அண்ணன் ரஸ்ட் ரிமூவர் பாட்டிலை எடுத்து அந்த இடங்களில் மட்டும் பிரஷால் தடவினார். அது பாஸ்பாரிக் ஆசிட். துருவைத் தின்று இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், இடம் சாம்பலும் கறுப்புமாக ஆகும். அரை நாள் காய விட்டு, தின்னர் துணியால் இரண்டு முறை துடைத்தார். தண்ணீர் காட்டவில்லை. "பச்சைத் தகரத்துல தண்ணி படக் கூடாது தம்பி, கண்ணெதிர்ல துரு ஏறிடும்" என்றார். அது உண்மைதான். நானும் தலையாட்டினேன்.

பிரைமர் அடித்த நாள்

நவம்பர், மழை விட்ட இரண்டாவது நாள். அன்று காலை எட்டு மணிக்கு ஷெட்டில் 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அந்தக் காற்றின் பனிப்புள்ளி சுமார் 24 டிகிரி. அதாவது தகரம் 24-க்குக் கீழே போனால் அதன்மேல் பனி பூக்கும். தகரத்தின் சூடு பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி கூட இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கலாம் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. அந்த எட்டு மணிக்கு இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. பிளாஸ்டிங் ஆன தகரத்தையும் விட்டுவைக்க முடியாது. கடலோரத்தில் காலையில் வெள்ளிப் பாத்திரம் போல இருப்பது மாலையில் டீ நிறத்துக்கு வந்துவிடும். மதியம் ஒரு மணிக்கு 30 டிகிரி, 66 சதவீதம் என்று வந்தது. பனிப்புள்ளி 23, இடைவெளி ஏழு டிகிரி. அப்போதுதான் கலக்கினோம்.

எபாக்ஸி என்பது இரண்டு டப்பாச் சரக்கு. பிரைமர் ஒன்று, ஹார்டனர் ஒன்று. இரண்டும் சேர்ந்து வேதிவினை நடந்து இறுகுவது. வெறுமே தின்னர் பறந்து காய்கிற பழைய ரெட் ஆக்சைடு மாதிரி இல்லை. அளவு டம்ளரில் கம்பெனி சொன்ன விகிதத்தில் கலக்கி, கால் மணி நேரம் வைத்து, வடிகட்டி, முதலில் பின்பாதி, அடுத்து கதவுகள், கடைசியில் பானட். இரண்டு கோட். மறுநாள் பூச்சின் கனம் அளக்கும் மைக்ரான் மீட்டர் வைத்துப் பார்த்தால் எங்கும் 55-லிருந்து 70 மைக்ரானுக்குள். மூன்றாம் நாள் பட்டி வேலை தொடங்க வேண்டியது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது, அப்புறம் என் வீட்டில் ஒரு கல்யாணம். பானட் அப்படியே பிப்ரவரி வரை நின்றது. அதுவும் நல்லதுக்குத்தான். கலர் அடித்த பிறகு தெரிந்திருந்தால் இந்த ஆய்வை எழுதும் மனநிலையில் நான் இருந்திருக்க மாட்டேன்.

யார் மேல் பழி

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அண்ணன், ஹார்டனர் பத்தவில்லை என்றார். பிரைமர் விற்றவர் மழைக்கால ஈரம் என்றார். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கடல் உப்பு, வேறென்ன என்றார்.

முதல் இரண்டையும் கதவுகளே தள்ளுபடி செய்தன. ஹார்டனர் குறைந்திருந்தால் கதவும் இளகியிருக்க வேண்டும். ஈரம் என்றாலும் அதே. ஆனால் கலவையில் கடைசி டம்ளர் மட்டும் தப்பாகப் போயிருக்கலாமே என்று ஒரு சந்தேகம் இருந்தது, பானட் கடைசியில் அடித்தது ஆயிற்றே. அதற்கு ஒரு எளிய சோதனை. வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்துப் பிரைமரின் மேல் அழுத்தித் தேய்த்தேன், ஐம்பது முறை போய்வந்தேன். வேகாத எபாக்ஸி என்றால் துணியில் சாம்பல் நிறம் ஏறும். ஏறவில்லை. நகம் இறங்கிய இடத்துக்கு நேர்மேலேயே தேய்த்தும் ஏறவில்லை.

இதில்தான் குழம்பிப் போனேன். மேலே வெந்திருக்கிறது, நகம் வைத்தால் நகர்கிறது. பிளேடால் ஒரு சதுரம் வெட்டி, முனையைத் தூக்கி, தோலைப் புரட்டிப் பார்த்தேன். மேல்முகம் ஓடு போல இறுகியிருந்தது. அடிமுகம் விரலில் ஒட்டியது, பாதி சப்பிய கமர்கட்டு மாதிரி. ஹார்டனர் குறைந்திருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே இளக்கமாக இருக்கும். இங்கே தகரத்தைத் தொட்ட முகம் மட்டும் வேகவில்லை. அப்படியானால் குற்றவாளி டப்பாவில் இல்லை, தகரத்தின் மேல் இருந்திருக்கிறான்.

தகரத்தின் மேல் கதவில் இல்லாதது பானட்டில் என்ன இருந்தது? இரண்டே இரண்டு: ரிமூவர், ஆசிட். (உப்புக் கட்சிக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. ரிமூவரைக் கழுவ அன்று போர் தண்ணீர் ஊற்றினோம். அதன் பிறகுதான் ஆசிட் தடவியது. கதவுக்குத் தண்ணீரே படவில்லை.)

அன்றைக்கு எடுத்த படங்கள் போனில் இருந்தன. ஆசிட் தடவிய கறுப்புத் திட்டுகள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. பானட்டில் கெட்ட இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதையும் அதே கோணத்தில் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாக்பீஸ் வட்டங்கள் பெரும்பாலும் கறுப்புத் திட்டுகளின் மேலேயே போய் உட்கார்ந்தன. திட்டின் எல்லைகூட அப்படியே தெரிந்தது. பிரஷ் நழுவிக் கீழே வழிந்த ஒரு சொட்டின் தடம் படத்தில் வால் மாதிரி இருக்கும். அதே வால் வடிவில் கொப்புளங்கள்.

பாரிமுனையில் லேப் சாமான் விற்கும் கடையில், புளிப்பா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பி.எச். பேப்பர் புத்தகம் ஒன்று வாங்கினேன். மிளகளவு கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்தினால் கண்ணீர் போல ஒரு சொட்டு வந்தது. பேப்பரைத் தொட்டவுடன் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். பி.எச். 3 அளவு, அதாவது நல்ல புளிப்பு. ஷெட்டின் போர் தண்ணீரில் நனைத்த பேப்பர் பச்சையாக இருந்தது. உப்புத் தண்ணீர் இப்படிப் புளிக்காது. மூன்று மாதம் கழித்தும் ஆசிட் அங்கேயே உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

என்ன நடந்தது என்று இப்போது சொல்லிவிடலாம். இந்த எபாக்ஸியின் ஹார்டனர் அமீன் வகை, காரத் தன்மை உள்ளது. தகரத்தில் மிச்சமிருந்த பாஸ்பாரிக் ஆசிட், தன்னைத் தொட்ட ஹார்டனரைப் பிடித்து உப்பாக்கிவிட்டது. அந்த மெல்லிய அடுக்குக்கு ஹார்டனர் இல்லாமல் போனது, அது வேகவில்லை. மேலே உள்ள அடுக்கு எப்போதும் போல இறுகியது. அதனால்தான் தொட்டுப் பார்த்தபோதும் மைக்ரான் மீட்டர் வைத்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. பாஸ்பாரிக் ஆசிட்டுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு. பிரைமர் வழியாக நீராவியை மெல்ல மெல்ல இழுத்துக் கொப்புளம் கட்டியது.

அண்ணன் செய்தது தப்பா? நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் செய்கிறார், அவர் அடித்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. காரணம் இருக்கிறது. அவர் தொழில் கற்ற காலத்தில் ரெட் ஆக்சைடும் எட்ச் பிரைமரும்தான். எட்ச் பிரைமருக்குள்ளேயே பாஸ்பாரிக் ஆசிட் இருக்கும், அதுதான் தகரத்தைக் கடித்துப் பிடிக்கும். அதற்கு முன்னால் தகரத்தில் கொஞ்சம் ஆசிட் மிச்சம் இருந்தால் பெரிதாகத் தெரியாது. பழக்கம் அப்படியே நின்றுவிட்டது, டப்பா மட்டும் மாறிவிட்டது. தண்ணீர் படக் கூடாது என்று அவர் பயந்ததும் நியாயமான பயம். ஆனால் ஆசிட்டை எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும். தின்னர் எண்ணெயையும் பிசுக்கையும் எடுக்கும், பாஸ்பேட்டுக்குள் பதுங்கிய ஆசிட்டை எடுக்காது. என் பங்கு: டப்பாவில் பொடி எழுத்தில், ஆசிட் போட்ட தகரத்தின் மேல் நேராக அடிக்காதே என்று போட்டிருக்கிறது. அதை நான் படித்தது பிப்ரவரியில்.

தையலுக்குள் இருந்தவன்

சாக்பீஸ் வட்டங்களில் நான்கைந்து மட்டும் கறுப்புத் திட்டுக்கு வெளியே கிடந்தன. எல்லாம் மட்கார்டும் நடுப்பலகையும் சேரும் தையலை ஒட்டி. அங்கே பிரைமர் இளகவில்லை. நன்றாக வெந்து, ஆனால் ஸ்டிக்கர் உரிவது போலச் சுத்தமாக உரிந்தது. அடிமுகத்தில் பிசுபிசுப்பு இல்லை, தகரம் மட்டும் தொட்டால் வழுவழு என்றது. பி.எச். பேப்பர் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் நின்றது. இது வேறு நோய்.

பாய் ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து இடது பக்கத் தையலை ஒரு சாண் நீளத்துக்குத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் அல்வா மாதிரி ஒன்று: அறுபது வருஷத் துருத்தூள், பழைய பெயிண்ட், ரிமூவர், அதன் மெழுகு எல்லாம் சேர்ந்த குழம்பு. ரிமூவர் இளகி உள்ளே ஓடி ஒளிந்திருக்கிறது. வெயில் ஏறும்போதெல்லாம் கசிந்து வெளியே வந்திருக்கிறது. மெழுகின் மேல் எந்தப் பிரைமரும் பிடிக்காது. பாய் அந்த அல்வாவை ஸ்குரு டிரைவரில் எடுத்து அண்ணனிடம் நீட்டி, "ஸ்வீட் எடு, கொண்டாடு" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை.

நான்கு தகடு

கதை சரியாகப் பொருந்தினால் மட்டும் போதாது என்று தோன்றியது. டிக்கி மூடி அப்பளம் ஷெட்டில் சும்மா கிடந்தது, அதிலிருந்து போஸ்ட் கார்டு அளவில் நான்கு தகடு வெட்டினோம். முதல் தகடு நவம்பரில் செய்தது போலவே: ஆசிட், காய விடல், தின்னர் துடைப்பு, எபாக்ஸி. இரண்டாவதில் ஆசிட் காய்ந்த பிறகு மறுபடி புது ஆசிட்டால் நனைத்து, ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, ஈரமாக இருக்கும்போதே கேன் தண்ணீரால் மூன்று முறை கழுவி, உடனே துடைத்து, ஹாட் ஏர் கன்னால் உலர்த்தி, 80-ஆம் நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, எபாக்ஸி. மூன்றாவதில் ஆசிட்டே இல்லை, போர் தண்ணீரில் கழுவி உலர்த்தி எபாக்ஸி, உப்புக் கட்சி நண்பருக்காக. நான்காவதில் ரிமூவர் பூசிச் சுரண்டி, துணியால் மட்டும் துடைத்து எபாக்ஸி.

பத்து நாள் காய விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கோடு கீறி, 25 கட்டம் ஆக்கி, டேப் ஒட்டிச் சடக்கென்று இழுத்தோம். முதல் தகட்டில் 25-ல் 21 கட்டம் டேப்போடு வந்துவிட்டது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒன்றுகூட வரவில்லை. நான்காவதில் எட்டு. அப்புறம் நான்கையும் தண்ணீர் வாளியில் பாதி முங்கும்படி மூன்று வாரம் தொங்கவிட்டோம். மூன்றாவது தகட்டில் முங்கிய பகுதியில் ஊசிமுனைக் கொப்புளங்கள் வந்தன. ஆக உப்புக் கட்சி முழுப் பொய் இல்லை. போர் தண்ணீரின் உப்பும் ஒரு நாள் வேலையைக் காட்டும், நம் பானட்டில் அது முந்திக்கொள்ளவில்லை, அவ்வளவே. இரண்டாவது தகட்டில் ஒன்றும் இல்லை.

முறைக்கு ஒரே ஒரு தகடு வைத்துச் செய்தது ஆய்வகத்தில் செல்லாது, தெரியும். அண்ணனை நம்ப வைக்க அது போதுமாக இருந்தது. அவர் முதல் தகட்டைத் தானே இன்னொரு முறை டேப் போட்டு இழுத்துப் பார்த்தார். மிச்சம் இருந்த நான்கு கட்டமும் வந்துவிட்டன.

மறுபடியும் முதலிலிருந்து

பானட்டின் பிரைமரை முழுவதும் எடுத்தோம். கெட்ட இடங்களில் ஸ்கிரேப்பரை வைத்தாலே சுருண்டு வந்தது. நல்ல இடங்களில் 80-ஆம் நம்பர் தாள் தீர்ந்துகொண்டே இருந்தது. எபாக்ஸி பிடித்த இடத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று அப்போது தோள்பட்டைக்குத் தெரிந்தது. பாதி நல்லது, அதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டார் அண்ணன். எல்லை எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாததால் முழுவதும் எடுத்தோம்.

துருக்குழிகளுக்கு இந்த முறை ஆசிட் இல்லை. கையில் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிங் கன்னில் பொடி கார்னெட் போட்டு, 3 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல், சாய்வாகப் பிடித்து, குழி உள்ள இடத்தில் மட்டும் அடித்தோம். கார்னெட் நம் தென்கோடிக் கடற்கரை மணலில் கிடக்கும் செந்நிறத் துகள்தான். ஆற்றுமணலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ், திரும்பி வராத நோய். குழி கண்ணில் படும் ஆனால் கன் நுழையாத ஹெட்லைட் வளையத்தின் உள்மடிப்பில் மட்டும் இரண்டாம் தகட்டின் முறையில் ஆசிட் போட்டுக் கழுவினோம். பி.எச். பேப்பர் ஆறுக்கு மேல் காட்டும்வரை கேன் தண்ணீர். ஒரு கேன் முழுக்க அதற்கே போயிற்று.

தையல்தான் அதிக நாள் எடுத்தது. திறந்த இடத்தைச் சுரண்டி, உள்பக்கம் ஜிங்க் பிரைமர் தடவி, பாய் சி.ஓ.டூ வெல்டிங்கில் விட்டு விட்டுப் புள்ளி வைத்து மூடினார். திறக்காத தையல்களில் ஹாட் ஏர் கன்னால் சூடேற்றி, மெழுகு கசிந்து வரவர டீகிரீசர் துணியால் ஒற்றி, கம்ப்ரசர் காற்று ஊதி, மறுபடி சூடேற்றி, வெள்ளைத் துணியில் கறை நிற்கும்வரை. வலது பக்கம் இரண்டாம் நாளே கறை நின்றது. இடது பக்கம் ஐந்து நாள்.

மார்ச் கடைசியில் ஒரு மதியம் பிரைமர் அடித்தோம், இடைவெளி எட்டு டிகிரி. இரண்டு கோட், சராசரி 60 மைக்ரான். பத்து நாள் கழித்துக் கண்ணில் படாத உள்விளிம்பில் 25 கட்டம் கீறி இழுத்தோம். ஒன்றும் வரவில்லை. தேய்க்காமலே அடுத்த பூச்சு போடக் கம்பெனி சொன்ன கெடு தாண்டிவிட்டதால் பானட் முழுவதையும் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன் மேலேதான் பட்டி. பட்டி ஈரத்தைக் குடிக்கும் பொருள். அதற்கும் தகரத்துக்கும் நடுவில் எபாக்ஸி இருப்பது எனக்கு நிம்மதி. தையல் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் கடைசியாக.

இந்தத் திருப்பத்துக்கு ஆன கூலியும் சரக்கும் நோட்டில் 38,000 ரூபாய் என்று நிற்கிறது. பி.எச். பேப்பர் அதில் ஒரு டீ, வடை செலவுகூட இல்லை. அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன். அண்ணன் சட்டைப்பையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு வைத்திருந்தார். போன வாரம் வேறு ஒருவரின் அம்பாசிடர் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, பேப்பரை நனைத்து ஒட்டி, வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பானட் இப்போது, கலருக்கு முன் அடிக்கும் சர்ஃபேசர் கோட்டில் நிற்கிறது. இடது ஹெட்லைட் வளையத்தின் உள்மடிப்பில், ஆசிட் போட்டுக் கழுவிய அதே இடத்தில், கடுகைவிடச் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது. தூசியா, கொப்புளமா என்று சொல்ல முடியவில்லை. பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். மூன்று வாரமாக மேடு வட்டத்தைத் தொடவில்லை. கலருக்கு நாள் குறிக்கலாமா என்று அண்ணன் கேட்கிறார். இன்னும் ஒரு மழை பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.